துபாய்க்கு முதல் தடவை போறீங்களா? மெட்ரோ, பஸ், அப்ரா, அங்க நடந்துக்கற முறை எல்லாம் விவரமா

துபாய்க்கு டூர் போற நம்ம ஆளுங்க முக்காவாசி பேரு ஏர்போர்ட்ல இறங்குனதுலேர்ந்து திரும்பி ஏறுற வரைக்கும் டாக்ஸியும் டூர் வேனுமாவே சுத்திட்டு வந்து, அய்யோ அந்த ஊரு ரொம்ப காஸ்ட்லிப்பானு சொல்றாங்க. ஹோட்டல் வாடகை காஸ்ட்லிதான், டிக்கெட் வாங்கி ஏறுற கோபுரமெல்லாம் காஸ்ட்லிதான், ஆனா ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு போறது அங்க ரொம்ப சல்லிசு, அதுவும் சுத்தமா, ஏசியில, டைமுக்கு. அத விட முக்கியம், அந்த ஊரை ஓட்டுற மனுஷங்கள நீங்க பக்கத்துல பார்க்கறது மெட்ரோலயும் பஸ்லயும் அப்ராங்கற மரப் படகுலயும்தான். அதனால முதல் தடவ போறவங்களுக்காக, போறதுக்கு முன்னாடிலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் என்னென்ன செய்யணும்னு வரிசையா எழுதறேன்.

பெட்டி கட்டும்போதே

முதல்ல மருந்து. நம்ம ஊர்ல சாதாரணமா வாங்குற சில வலி மாத்திரையும் இருமல் சிரப்பும் அங்க கட்டுப்பாட்டுல இருக்கு. டிரமடால், கோடீன் கலந்தது எதுவா இருந்தாலும் ஆன்லைன்ல முன்கூட்டியே அனுமதி வாங்காம எடுத்துட்டு போகவே கூடாது. பிரஷர், சுகர் மாத்திரைக்கெல்லாம் பயப்பட வேண்டாம், டாக்டர் சீட்டோட, கம்பெனி அட்டையோட அப்படியே கொண்டு போங்க. மாத்திரைய பிரிச்சு சின்ன டப்பால கொட்டி எடுத்துட்டு போற பழக்கம் நம்ம வீட்டு பெரியவங்களுக்கு நிறைய உண்டு, அத மட்டும் இந்த பயணத்துக்கு விட்டுடச் சொல்லுங்க.

அடுத்தது கசகசா. இது நிறைய பேருக்கு தெரியாது. அங்க கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் கணக்குல வருது. சொந்தக்காரங்களுக்குனு அம்மா அரைச்சு கட்டிக் குடுக்குற குருமா பொடியில கசகசா சேர்ந்திருக்கானு கேட்டுட்டு அப்புறம் பெட்டில வைங்க. பான், குட்கா, மெல்லுற புகையிலை எதுவும் வேண்டாம். யாராவது ஏர்போர்ட்ல வந்து இந்த பார்சல அங்க எங்க மச்சான்கிட்ட குடுத்துடுங்கன்னா, எவ்வளவு தெரிஞ்சவரா இருந்தாலும் பிரிச்சு பாக்காம வாங்காதீங்க.

பிளக் மறந்துடாதீங்க. அங்க சதுரமான மூணு பின் உள்ள பிளக், நம்ம உருண்டை பின் நேரா போகாது. ஒரு அடாப்டர் எடுத்துக்கோங்க. இலங்கைலேர்ந்து போறவங்ககிட்ட இப்ப வர்ற சதுர பின் சார்ஜர் இருந்தா அது அப்படியே போகும். நேரம் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி.

விசா பேப்பரோட ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்குற இடத்தோட புக்கிங்கும் பிரிண்ட் எடுத்து கையிலயே வைங்க, நம்ம ஊர் ஏர்போர்ட்லயே கேக்கறாங்க. சொந்தக்காரங்க வீட்ல தங்குறீங்கன்னா அவங்க எமிரேட்ஸ் ஐடி, அதாவது அந்த நாட்டு அடையாள அட்டை காப்பி ஒண்ணு வாங்கி வைங்க. விசா தேதிய தாண்டி தங்குனா ஒரு நாளைக்கு 50 திர்ஹம் ஃபைன் ஏறிட்டே போகும். இன்னொண்ணு, இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், விசிட் விசால போய் வேலை செய்யறது அங்க சட்டப்படி குற்றம். முதல்ல விசிட்ல வா, வந்தப்புறம் மாத்திக்கலாம்னு சொல்லி காசு வாங்குற ஏஜென்ட நம்பி எத்தனையோ குடும்பம் நகைய வித்துட்டு நிக்குது. வேலை தேடலாம், இன்டர்வியூ போகலாம், ஆனா வேலை விசா கைக்கு வராம வேலைல கால் வைக்கக் கூடாது. இந்தியர்களுக்கு ஏதாவது சிக்கல்னா 800 46342ங்கற இலவச நம்பர் இருக்கு, இந்தியத் தூதரகம் சார்புல நடக்கற உதவி மையம். போன்ல சேவ் பண்ணி வைங்க.

இறங்குனதும்

உங்க ஃப்ளைட் எந்த டெர்மினல்னு டிக்கெட்ல முன்னாடியே பாத்துடுங்க, இதுல நிறைய விஷயம் இருக்கு. டெர்மினல் 1க்கும் 3க்கும் மெட்ரோ ஸ்டேஷன் அங்கயே இருக்கு. டெர்மினல் 2ல மெட்ரோ கிடையாது, அங்க இறங்குனா பஸ் இல்லன்னா டாக்ஸி. சிக்கனமான ஃப்ளைட்ல வர்றவங்க நிறைய பேரு 2லதான் இறங்குவாங்க.

காசு மாத்தறத ஏர்போர்ட்ல கையடக்கமா அன்னைக்கு செலவுக்கு மட்டும் வச்சுக்கோங்க, மீதிய ஊருக்குள்ள இருக்கற எக்ஸ்சேஞ்சுல மாத்துனா ரேட்டு நல்லா கிடைக்கும். திர்ஹம் டாலரோட கட்டி வச்ச நாணயம், ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம்தான் எப்பவும், அதனால டாலர் கொண்டு போறவங்களுக்கு கணக்கு சுலபம்.

வாட்ஸ்அப்ல மெசேஜ், வாய்ஸ் நோட்டு, போட்டோ எல்லாம் போகும், ஆனா கால் போகாது. வீட்ல பதறிடுவாங்க, அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்ல இருக்கறவங்க போன்லயும் உங்க போன்லயும் போட்டிம் ஆப் போட்டு ஒரு தடவ பேசிப் பாத்துடுங்க. விபிஎன் போட்டா வாட்ஸ்அப் கால் வரும்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, வேண்டாம், சட்டச் சிக்கல் அது.

நோல் கார்டு வாங்குங்க, எல்லாம் அதுலதான்

மெட்ரோ, பஸ், டிராம் எல்லாத்துக்கும் ஒரே கார்டு, பேரு நோல். ஸ்டேஷன்லயே கவுண்டர்லயும் மெஷின்லயும் கிடைக்கும். சில்வர் கார்டு 25 திர்ஹம், அதுல 19 திர்ஹம் உள்ளயே பேலன்ஸா இருக்கும். சிவப்பு நிறத்துல பேப்பர் டிக்கெட்டும் உண்டு, அது 2 திர்ஹம்தான், ஆனா ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திர்ஹம் கூட போகும். ரெண்டு மூணு நாள் தங்குறவங்களுக்கே சில்வர்தான் லாபம். ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்ட நாலு பேரு மாத்தி மாத்தி தட்டிட்டு போக முடியாது. 5 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைகளுக்கு ஃப்ரீ.

சார்ஜ் எப்படின்னா ஊரை 7 ஸோனா பிரிச்சு வச்சிருக்காங்க. ஒரே ஸோனுக்குள்ள 3 திர்ஹம், பக்கத்து ஸோனுக்கு 5, அதுக்கு மேல எவ்வளவு தூரம் போனாலும் 7.50. ஏர்போர்ட்லேர்ந்து புர்ஜுமானுக்கு 5 திர்ஹம், ஊரோட அந்தக் கோடியில இருக்கற மரினாவுக்கே 7.50தான். இதே தூரம் டாக்ஸில போனா, ஏர்போர்ட்ல ஏறுனதுமே மீட்டர் 25லேர்ந்துதான் ஆரம்பிக்கும், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. மெட்ரோவ விட்டு இறங்கி 30 நிமிஷத்துக்குள்ள பஸ் ஏறிட்டீங்கன்னா அது ஒரே பயணமா சேர்ந்துக்கும், தனி சார்ஜ் கிடையாது. ஒரே நாள்ல பத்து இடம் பாக்கணும்னு திட்டம் இருந்தா 20 திர்ஹம் டே பாஸ் வாங்கிட்டு நாள் முழுக்க சுத்தலாம்.

ஏறும்போதும் கார்ட மெஷின்ல தட்டணும், இறங்கும்போதும் தட்டணும். மெட்ரோல கேட்டு இருக்கறதால மறக்க மாட்டீங்க, பஸ்லதான் கூட்டத்துல அப்படியே இறங்கிடுவாங்க. தட்டாம இறங்குனா காசு அதிகமா பிடிச்சுடும். பேலன்ஸ் எப்பவும் 15 திர்ஹத்துக்கு குறையாம வச்சுக்கோங்க, அப்பதான் போனா திரும்பி வரலாம்.

மெட்ரோக்குள்ள

துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9ல ஆரம்பிச்சது, டிரைவரே கிடையாது, தானா ஓடும். சிவப்பு லைன், பச்சை லைன்னு ரெண்டு. ரெண்டும் சந்திக்கற இடம் யூனியன், புர்ஜுமான். இந்த ரெண்டு பேரையும் மனசுல போட்டுக்கிட்டா போதும், ஊர் மேப்பே தலைக்குள்ள வந்துடும். ஒரு எச்சரிக்கை, ஸ்டேஷன் பேரை கம்பெனிங்களுக்கு காசுக்கு குடுக்கறாங்க, அதனால பேரு மாறிட்டே இருக்கும். முன்னாடி அல் ஃபஹிதினு இருந்தது இப்ப ஷரஃப் டிஜி, ராஷிதியானு இருந்தது இப்ப சென்டர்பாயின்ட். அங்க பல வருஷமா இருக்கற சொந்தக்காரங்க பழைய பேரைத்தான் சொல்லுவாங்க, நீங்க போர்டுல தேடுனா கிடைக்காது. போன்ல மேப்ப திறந்து வச்சுட்டு அவங்ககிட்ட ஒரு தடவ உறுதி பண்ணிக்கோங்க.

ரயில் பெட்டி விஷயம்தான் புதுசா போறவங்க தடுமாறுற இடம். ஒரு பக்கக் கடைசில கோல்டு கிளாஸ், அதுக்கு தனி கோல்டு கார்டு, டபுள் சார்ஜ், அதோட முன் கண்ணாடி வழியா ஷேக் ஸாயித் ரோடு பாக்கறது ஒரு தடவைக்கு அருமையா இருக்கும், குழந்தைங்க இருந்தா கண்டிப்பா பண்ணுங்க. அப்புறம் பெண்கள், குழந்தைகளுக்குன்னு தனி பெட்டி. பிளாட்பாரத்துல பிங்க் கலர்ல எழுதியிருக்கும், ரயிலுக்குள்ள தரையிலயும் கோடு போட்டிருக்கும். மனைவி கூட இருக்காங்க, குழந்தைய தூக்கிட்டிருக்கேன்னு ஆம்பளைங்க அந்தக் கோட்ட தாண்டி நின்னீங்கன்னா 100 திர்ஹம் ஃபைன். கண்துடைப்பு சட்டம் இல்ல இது. சாதா டிரஸ்ல செக்கிங் ஆளுங்க வருவாங்க, அமைதியா மெஷின எடுத்து கார்ட கேப்பாங்க, வாக்குவாதமே இருக்காது, ரசீது குடுத்துட்டு அடுத்த ஆளுகிட்ட போயிடுவாங்க. குடும்பமா போறவங்க எல்லாரும் சாதாரண பெட்டிலயே ஒண்ணா ஏறிக்கலாம், ஒரு தடையும் இல்ல. கூட்டம் நெரியற நேரத்துல வீட்டு பொம்பளைங்க பிங்க் பெட்டிக்கு போறதுதான் நல்லது, எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. காலைல 7லேர்ந்து 9.30, சாயங்காலம் 5லேர்ந்து 8, இந்த நேரம் பெட்டி படுக்கையோட ஏறாதீங்க.

சாப்பிடறது, குடிக்கறது, சூயிங்கம் மெல்றது எல்லாத்துக்கும் 100 திர்ஹம். டிக்கெட் இல்லாம போனா 200. ஸ்டேஷன்ல படுத்து தூங்குனா 300. ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி ஒரு சின்ன பெட்டி கொண்டு வரலாம். குழந்தைக்கு பசிச்சா ஸ்டேஷனுக்கு வெளிய இறங்கி குடுத்துட்டு அடுத்த ரயில் ஏறுங்க, சில நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துட்டேதான் இருக்கும்.

துபாய் மால், புர்ஜ் கலீஃபா போறவங்களுக்கு ஒரு தகவல். ஸ்டேஷன்ல இறங்குனதும் மால் வந்துடாது, 800 மீட்டருக்கு மேல ஒரு கண்ணாடிப் பாலம் இருக்கு, ஏசிதான், நடுநடுவுல நகருற பாதையும் உண்டு, ஆனாலும் முட்டி வலி இருக்கற பெரியவங்களுக்கு அது தூரம். மாலுக்குள்ள நடக்கறது அதுக்கு மேல. அவங்கள கூட்டிட்டு போறப்ப மட்டும் டாக்ஸில நேரா மால் வாசல்ல இறங்குங்க.

பஸ், டாக்ஸி, ரோடு

பஸ்ல கண்டக்டர் கிடையாது, கைக்காசு வாங்க மாட்டாங்க, நோல் மட்டும்தான். முன்பக்க சீட்டு பெண்களுக்கு. வெயில் காலத்துக்காக ஏசி போட்ட பஸ் ஸ்டாப்பெல்லாம் இருக்கு. ஸ்டாப்புல ஒரு வரிசை நிக்கும், பெண்கள் தனியா முன்னாடி ஏறுவாங்க, நீங்களும் வரிசைல நில்லுங்க. பக்கத்து எமிரேட்டுக்கு போறதுக்கும் பஸ்ஸு அருமையா இருக்கு. அல் குபைபா பஸ் ஸ்டேஷன்லேர்ந்து இ100 பஸ் அபுதாபிக்கு, 25 திர்ஹம், நல்ல சீட்டு, ரெண்டு மணி நேரம் மாதிரி ஆகும். யூனியன்லேர்ந்து இ303 ஷார்ஜாவுக்கு. ஆனா அபுதாபிக்குள்ள ஓடற டவுன் பஸ்ஸுக்கு நோல் செல்லாது, அங்க ஹஃபிலாத்னு தனி கார்டு எடுக்கணும். சாயங்காலம் ஷார்ஜா ரோடு நெரிசல் பத்தி அங்க இருக்கற யாரைக் கேட்டாலும் ஒரு பெருமூச்சு விடுவாங்க, அதனால 4 மணிக்கு மேல அந்தப் பக்கம் கெளம்பாதீங்க.

டாக்ஸி மீட்டர்லதான் ஓடும், பேரம் கிடையாது, மினிமம் 12, 13 திர்ஹம் ஆகும். வழியில சாலிக் டோல் கேட்டு வந்தா அந்தக் காசு பில்லுல சேரும், டிரைவர் ஏமாத்தறாருன்னு நினைக்காதீங்க. பிங்க் கலர் கூரை போட்ட டாக்ஸிய ஓட்டுறது பெண்கள், பெண்களும் குடும்பமும் ஏறிக்கலாம், ராத்திரில தனியா வர்ற பொண்ணுங்களுக்கு நல்ல வசதி. கரீம் ஆப்புல புக் பண்ணாலும் அதே சர்க்கார் டாக்ஸிதான் வரும். டிரைவர் பெரும்பாலும் பாகிஸ்தான்காரர், மலையாளி, பங்களாதேஷ்காரர். அரைகுறை ஹிந்தி இருந்தாலே போதும், மலையாளியா இருந்தா தமிழ்லயே பேசிட்டு போகலாம். அவங்க குடும்பத்த விட்டுட்டு மணிக்கணக்கா வண்டி ஓட்டுறவங்க, ஏறுனதும் ஒரு சலாம் சொல்லுங்க, இறங்கறப்ப சில்லறைய விட்டுட்டு இறங்குங்க.

ரோட்ட கண்ட இடத்துல குறுக்க தாண்டுறது அங்க 400 திர்ஹம் ஃபைன். எதிர் பக்கம் கடை தெரியுதேனு நம்ம ஊர் மாதிரி கைய காட்டிட்டு இறங்கிடாதீங்க, ஃபைன விடுங்க, வண்டி வர்ற வேகம் அப்படி. ஜீப்ரா கிராஸிங்ல மட்டும் கால வச்சுப் பாருங்க, அவ்வளவு பெரிய வண்டியும் நின்னு வழி விடும்.

அப்ரா, இத மட்டும் விட்டுடாதீங்க

துபாய்ல எனக்கு எது ரொம்பப் பிடிச்சதுன்னு கேட்டா கோபுரத்த சொல்ல மாட்டேன், 1 திர்ஹம் படகத்தான் சொல்லுவேன். ஊருக்கு நடுவுல க்ரீக்குனு ஒரு கடல் கால் உள்ள வருது, ஒரு கரை தேரா, மறு கரை பர் துபாய். ரெண்டுக்கும் நடுவுல மரப் படகு போய்ட்டும் வந்துட்டும் இருக்கும், அதுதான் அப்ரா. பச்சை லைன்ல அல் ராஸ் ஸ்டேஷன்ல இறங்கி, மசாலா கடைத் தெரு வழியா நடந்தா, குங்குமப்பூ, காஞ்ச எலுமிச்சம்பழம், சாம்பிராணி வாசனைய தாண்டி நேரா படித்துறைக்கு வந்துடலாம்.

டிக்கெட் கவுண்டர் எதுவும் தேட வேண்டாம். படகுக்கு நடுவுல நீளமா ஒரு மரப் பலகை, அதுல முதுகோட முதுகு வச்சு ரெண்டு பக்கமும் உக்காரணும், கால் தண்ணி பக்கம் இருக்கும். ஆள் நிறைஞ்சதும் கெளம்பிடும். ஓட்டுறவர் நடுவுல ஒரு பள்ளத்துல நின்னுட்டு ஸ்டியரிங்க பிடிச்சிருப்பார், படகு பாதி தூரம் போனதும் கைய நீட்டுவார், பயணிங்க ஒரு திர்ஹம் காச கை மாத்தி கை மாத்தி அவர்கிட்ட சேர்ப்பாங்க. நோட்டா நீட்டாம சில்லறையா வச்சுக்கோங்க. பக்கத்துல வேலை முடிஞ்சு ரூமுக்கு போற பையன் யூனிஃபார்மோட உக்காந்து ஊருக்கு வீடியோல தண்ணிய காட்டிட்டு இருப்பான், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார தம்பதி, இந்தப் பக்கம் மூட்டையோட ஒரு ஆப்பிரிக்க வியாபாரி, எல்லாருக்கும் ஒரே ஒரு திர்ஹம். அஞ்சு நிமிஷம் மாதிரிதான், காத்து முகத்துல அடிக்கும், சாயங்காலம் சூரியன் இறங்கற நேரத்துக்கு போங்க. தனியா முழுப் படகு எடுத்து சுத்திக் காட்டறேன்னு கரையில கூப்பிடுவாங்க, அது வேற ரேட்டு, வேணும்னா பாருங்க, நான் பயணிங்களோட போறதத்தான் சொல்லுவேன்.

அக்கரைல இறங்குனா பழைய துணிக்கடைத் தெரு, அதுக்கப்புறம் அல் ஃபஹிதி பழைய வீடுங்க. கரண்ட் வர்றதுக்கு முன்னாடி வீட்ட குளிர வைக்கறதுக்கு காத்த பிடிச்சு கீழ இறக்குற கோபுரம் கட்டியிருக்காங்க, உள்ள போய் அதுக்கு அடியில நின்னு பாருங்க. பசிச்சா மெட்ரோ ஏறி கராமா போங்க, தோசை, பொங்கல், பிரியாணி எல்லாம் நம்ம கை பக்குவத்துலயே கிடைக்கும். தெருவுல நிக்கற டீக்கடையில கரக் சாய் ஒண்ணு ரெண்டு திர்ஹம்தான்.

பழக்கவழக்கம்

டிரஸ் விஷயத்துல துபாய் பயப்படற அளவுக்கு கெடுபிடி இல்ல. பீச்சுல பீச் டிரஸ், மாலுக்கும் பழைய ஊருக்கும் தோளும் முட்டியும் மூடுன மாதிரி டிரஸ், அவ்வளவுதான். நம்ம சுடிதார், சேலை, வேட்டி எல்லாம் தாராளமா போடலாம். மசூதிக்கு போறப்ப பெண்கள் தலைக்கு துணி எடுத்துக்கணும். அபுதாபி ஷேக் ஸாயித் பெரிய மசூதிய எந்த மதத்துக்காரங்களும் இலவசமா பாக்கலாம், ஆன்லைன்ல முன்னாடியே பதிவு பண்ணிட்டு போங்க. துபாய்ல ஜுமைரா மசூதியும் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லி சுத்திக் காட்டறாங்க.

போட்டோ எடுக்கறதுல ரொம்ப கவனம் வேணும். யாரா இருந்தாலும் கேக்காம போட்டோ எடுக்கறது அங்க குற்றம், அதுலயும் உள்ளூர் பெண்கள், குடும்பம் இருக்கற பக்கம் கேமராவ திருப்பவே கூடாது. போலீஸ் ஸ்டேஷன், ராணுவ இடம், ஏர்போர்ட் செக்கிங் இதெல்லாம் எடுக்காதீங்க. ரோட்ல கோபத்துல விரல காட்டுறது, வாட்ஸ்அப்ல கெட்ட வார்த்தைல திட்டறது இதெல்லாம் கேஸ் ஆகற விஷயம், நம்ம ஊர்ல சிரிச்சுட்டு போற மாதிரி போகாது. குப்பைய கீழ போட்டா 500 திர்ஹம்.

உள்ளூர் அரபுக்காரங்க வீட்டுக்கோ, விருந்தாளிங்கள உக்கார வச்சு பேசற மஜ்லிஸுக்கோ போற வாய்ப்பு கிடைச்சா விட்டுடாதீங்க. ஃபஹிதில இருக்கற ஷேக் முகம்மது கலாச்சார மையத்துல தரையில உக்கார வச்சு சாப்பாடு போட்டு என்ன கேள்வி வேணாலும் கேளுங்கன்னு சொல்றாங்க. செருப்ப வெளிய விட்டுட்டு போங்க. வலது கையாலதான் வாங்கணும், குடுக்கணும், அது நமக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. பெண்கள்கிட்ட நீங்களா கை குலுக்க நீட்டாதீங்க, அவங்க நீட்டுனா குடுங்க, இல்லன்னா நெஞ்சுல கைய வச்சு லேசா தலை அசைச்சா அதுவே மரியாதை. பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வரும். கஹ்வா ஏலக்காய் மணக்கற கசப்பு காபி, பிடியில்லாத குட்டிக் கிண்ணத்துல அடியில கொஞ்சூண்டு ஊத்துவாங்க, கஞ்சத்தனம் இல்ல, சூடா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறதுதான் உபசாரம். கிண்ணத்த சும்மா நீட்டுனா திரும்ப ஊத்திட்டே இருப்பாங்க. போதும்னா கிண்ணத்த விரல்ல பிடிச்சு பக்கவாட்டுல ரெண்டு தடவ லேசா ஆட்டிட்டு குடுக்கணும், ஒரு வார்த்தை பேசாம வாங்கிக்குவாங்க.

2022லேர்ந்து அங்க லீவு சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். ஷார்ஜால வெள்ளி முழுசும் லீவு. வெள்ளி மதியம் தொழுகை நேரத்துல சின்னக் கடைங்க மூடியிருக்கும். மத்த நாள்லயும் பழைய பஜார் பக்கம் மதியம் 1லேர்ந்து 4 வரைக்கும் நிறைய கடை பூட்டித்தான் இருக்கும், தங்கக் கடைக்கு சாயங்காலம் போங்க. ரமலான்ல போனீங்கன்னா பகல்ல ஹோட்டல் திறந்திருக்கும், உள்ள உக்காந்து சாப்பிடலாம், ஆனா ரோட்ல நடந்துட்டே சாப்பிடாதீங்க, தண்ணி குடிக்காதீங்க. நோன்பு திறக்கற நேரத்துக்கு மசூதி பக்கம் போனா உங்களையும் உக்காருங்கனு கூப்பிட்டு பழமும் பிரியாணியும் குடுப்பாங்க, கூச்சப்படாம உக்காருங்க. குடிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, துபாய்ல 21 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸ் உள்ள இடத்துக்குள்ள மட்டும், ஷார்ஜால சுத்தமா கிடையாது, பையில வச்சுட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.

போறதுக்கு நல்ல மாசம் நவம்பர்லேர்ந்து மார்ச். கோடைல ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் வெளிய வேலை செய்யறவங்களுக்கே மதியம் 12.30லேர்ந்து 3 வரை சட்டப்படி ஓய்வு குடுக்கணும்னு இருக்கு, அப்ப நம்ம குழந்தைகளையும் வயசானவங்களையும் அந்த வெயில்ல நடக்க வைக்கலாமானு யோசிச்சுக்கோங்க.

திரும்பற நாள்

மெட்ரோ ராத்திரி பூரா ஓடாது. காலைல 5 மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி 12க்கு முடியும், வெள்ளிக்கிழமை மட்டும் 1 மணி வரைக்கும், ஞாயித்துக்கிழமை காலைல 8க்குதான் முதல் ரயில். நம்ம ஊர் ஃப்ளைட் நிறைய நடுராத்திரியும் விடியக்காலையும்தான், அதனால கடைசி ரயில நம்பி உக்காராம முன்னாடி நாளே டாக்ஸி புக் பண்ணிடுங்க. போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. மிச்சம் இருக்கற நோல் கார்ட பத்திரமா எடுத்து வைங்க, 5 வருஷம் செல்லும், அடுத்து போற சொந்தக்காரங்களுக்கு பேலன்ஸோட குடுத்து விடலாம்.